ஒரு மழைக்கு இரு கணக்கா?



கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் திருவள்ளுவர். அறத்தைப் பேசப் புகுமுன் மழையைப் பேசியாக வேண்டும் என்பது அவர் கருத்துப் போலும். உழவர் வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை வியப்பைத் தராது. என் தந்தையார் பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே, நிலக்கடலை பயிரிடுகிறவர். காலையில் எழுந்ததும் அவர் முதலில் பார்ப்பது வானத்தை; அடுத்துப் பார்ப்பது, இந்நாளில், கைப்பேசியை. பிடுங்கிய கடலையைக் களத்தில் காயப் போட்டபின் மழை வந்துவிட்டால் ஒரு பருவத்து உழைப்பு வீணாகிப் போகும். ஆகவே, "இன்று மழை உண்டா?" என்னும் கேள்வி எங்கள் வீட்டில் பொழுதுபோக்காகக் கேட்கப்படுவது அன்று.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் வானிலைச் செயலி ஒன்றை நானும் என் அறைத் தோழனும் சேர்ந்து செய்தோம். அவன் இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்தவன். தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவன். நிரலை ஒருமுறை எழுதி, ஆண்ட்ராய்டுக் கைப்பேசியிலும் ஐபோனிலும் அதனையே இயங்கச் செய்வது எவ்வாறு என்பதை அம்முயற்சியில் கற்றோம். கற்றதில் பெரும்பகுதி தவறு செய்து கற்றதாகும். அத்தவறுகளை மறையாமல் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கணினித் துறையைச் சேராத நண்பர்களும் அஞ்சாமல் படிக்கலாம். இதில் வரும் கணக்கு கூட்டல் கழித்தலுக்கு மேற்பட்டதன்று.

மலைகள் வகுத்த வானிலை

முதலில் எங்கள் நிலத்தைச் சிறிது அறிந்துகொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடுஞ்சுவர். வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் இடையில் அச்சுவர் அறுபட்டு நிற்கும் இடமே பாலக்காட்டுக் கணவாய். ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள அந்த வாயில் வழியாகத்தான் வாளையாறு கடந்து கோவைக்கு இரயில் போகிறது. காற்றும் அவ்வழியே போகிறது. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று, மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து விசையோடு திரும்பி வீசும். ஒரே மாவட்டமாயினும், மேற்குப் பாலக்காட்டில் பெய்யும் மழை சித்தூர் வட்டத்துக் கிழக்கெல்லையில் பெய்வதில்லை. எருத்தேம்பதியிலும் வடகரப்பதியிலும் உழவர்கள் நீருக்கு ஏங்கும் நாளில், மாவட்டத்தின் மறுகோடியில் குடை இன்றி வெளியே செல்ல இயலாது.

தோழனுடைய ஊர்ப்பக்கத்தில் இவ்வேற்றுமை இன்னும் கூர்மையானது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்தில், அங்கேதான் நிற்கிறது. அதன் மழைமுகத்தில் மூணாறு. மறைவுப் பக்கத்தில் மறையூர். ஆடியில் மூணாற்றில் நாள் முழுதும் மழை கொட்டிக்கொண்டிருக்க, மறையூரில் கரும்பு வெட்டி வெல்லம் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து சின்னாறு வழியே உடுமலைப்பேட்டைக்கு இறங்கினால் மழை மேலும் குறையும். கேரளம் என்றாலே மழை என்று எண்ணுவோர் மறையூரின் முள்மரக் காடுகளைக் கண்டால் திகைப்பர்.

இத்தகைய நிலத்தில், "இடுக்கி மாவட்டத்தில் மழை" என்று ஒரு வரியில் சொல்லிவிடுவது போதாது என்பது தெளிவு. எங்கள் மக்களுக்கு வேறொரு குறையும் உண்டு. அவர்கள் வாழ்வது கேரளத்தில். ஆகவே அவர்களுக்குரிய எச்சரிக்கை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வருகிறது. அவர்களுள் பலர் படிப்பது தமிழ். தமிழில் வரும் எச்சரிக்கையோ மலைக்கு அப்புறத்துத் தேனிக்கும் கோவைக்கும் உரியது. இவ்விரு குறைகளையும் ஓரளவேனும் நீக்கலாம் என்று எண்ணியே நாங்கள் பணியைத் தொடங்கினோம்.

செயலிக்கு மழை எங்கிருந்து வருகிறது?

வானிலைச் செயலி தானாக வானத்தைப் பார்ப்பதில்லை. பெரிய கணிப்பொறிகள் செய்து முடித்த கணக்கை அது கேட்டு வாங்கி, நமக்கு விளங்கும்படி காட்டுகிறது, அவ்வளவே. அந்தப் பெருங்கணக்கின் வரலாறு சுவையானது. 1922ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ரிச்சர்ட்சன் என்பார், காற்றின் இயக்க விதிகளை எண்களாக்கி வானிலையைக் கணித்துவிடலாம் என்று ஒரு நூல் எழுதினார். ஆறு மணி நேர மாற்றத்தைக் கையால் கணக்கிட அவருக்கு ஆறு வாரம் பிடித்தது, விடையும் பொருந்தவில்லை. ஒரு பெரிய மண்டபத்தில் 64,000 பேர் அமர்ந்து இடைவிடாது கணக்கிட்டால் வானிலையை எட்டிப் பிடிக்கலாம் என்று அவர் கனவு கண்டார். 1950இல் எனியாக் என்னும் மின்னணுக் கணிப்பொறி அக்கனவை நனவாக்கத் தொடங்கியது. நம் நாட்டில், 1875இல் தோன்றிய இந்திய வானிலை ஆய்வுத் துறை, 2025 மே மாதத்தில், பாரத் முன்னறிவிப்பு முறை என்னும் ஒன்றைத் தொடங்கியது. அது நாட்டை 6 கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பகுத்துக் கணக்கிடுகிறது.

கட்டம் என்ற சொல்லை நினைவில் வையுங்கள். தரையின்மீது ஒரு சதுரங்கப் பலகையை விரித்ததாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பம், ஒரு மழையளவு. மாணவர்கள் எளிதில் பெறக்கூடிய உலகக் கணிப்புகள் சிலவற்றில் ஒரு கட்டம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் அகலம் இருக்கும். மூணாறும் மறையூரும் அத்தகைய ஒரே கட்டத்திலோ, அடுத்தடுத்த கட்டங்களிலோ விழுந்துவிடும். நடுவே நிற்கும் மலை கணக்கில் மழுங்கிப் போகும்.

நாங்கள் ஓப்பன்-மீட்டியோ என்னும் சேவையிலிருந்து தரவைப் பெற்றோம். வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு அது கட்டணம் கேட்பதில்லை. ஓர் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் எழுதி அனுப்பினால், மணிக்கு மணி மழையளவைப் பட்டியலாகத் திருப்பி அனுப்பும். நம் வேலை அப்பட்டியலைப் படித்துப் பொருள் சொல்வது. எளிய வேலை போல் தோன்றுகிறதன்றோ? எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு கூரையின்கீழ் இரு விடை

தொடக்கத்தில் நாங்கள் இரண்டு செயலிகளைத் தனித்தனியே எழுதினோம். ஆண்ட்ராய்டுக்குரியதைக் கோட்லின் மொழியில் நான் எழுதினேன். ஐபோனுக்குரியதை ஸ்விஃப்ட் மொழியில் தோழன் எழுதினான். தோற்றம் ஒன்று, நிறம் ஒன்று, பெயர் ஒன்று. ஆகவே செயலியும் ஒன்றே என்று எண்ணிக்கொண்டோம்.

சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒரு மாலை. தோழனின் வீடு மலைச்சரிவின் அடியில் உள்ளது. அவ்வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆரஞ்சு நிற எச்சரிக்கை வந்தால் இரவு தங்காமல், மேட்டின்மேல் உள்ள சித்தி வீட்டுக்குப் போய்விடுவார்கள். அன்று தந்தையாரின் கையில் என்னுடைய ஆண்ட்ராய்டுச் செயலி. கோவையில் வேலை பார்க்கும் அண்ணன் விடுமுறைக்கு வந்திருந்தார். அவர் கையில் தோழனுடைய ஐபோன் செயலி. ஒன்று "எச்சரிக்கை இல்லை" என்றது. மற்றது மஞ்சள் நிறம் காட்டியது. தந்தையார் தொலைபேசியில் எங்களை அழைத்து, "தம்பி, பெய்யப் போறது ஒரே மழைதானே? எந்தப் போனை நான் நம்பட்டும்?" என்று கேட்டார்.

எங்களால் விடை சொல்ல இயலவில்லை. எந்தச் செயலியும் ஆரஞ்சு காட்டாததால் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அரசின் எச்சரிக்கை என்ன என்பதை அன்று அவர்கள் பார்க்கவில்லை. பிள்ளைகள் செய்த செயலி என்னும் பாசத்தால் எங்களையே நம்பினார்கள். இரவு முழுதும் மழை பெய்தது. நல்லகாலமாகத் தீங்கு எதுவும் நேரவில்லை. ஆனால், பொழுது விடியும் வரை நாங்கள் இருவரும் உறங்கவில்லை. விடிந்தபின் இரண்டு நிரல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். எவன் சரி, எவன் தவறு என்று அறியவே உட்கார்ந்தோம். இருவருமே தவறு என்று அறிந்து எழுந்தோம்.

நாள் எப்போது தொடங்குகிறது?

தவறு எங்கே நேர்ந்தது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்குகிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டின்படி, 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டது அதிகனமழை. கேரளத்தில் இவற்றுக்குப் பொதுவாக முறையே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிறங்கள் வழங்குகின்றன. இந்த எல்லைகளை நாங்கள் இருவரும் சரியாகவே எழுதியிருந்தோம். சரியாக எழுதாதது "24 மணி நேரம்" என்னும் சொல்லை.

மாலை 6 மணிக்கு மழை தொடங்கி மறுநாள் காலை 6 மணிக்கு நிற்பதாகக் கொள்வோம். மணிக்கு 10 மில்லிமீட்டர் வீதம் பெய்தால் 12 மணி நேரத்தில் 120 மில்லிமீட்டர். இது மிகக் கனமழை, நிறம் ஆரஞ்சு.

என் நிரல் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையுள்ளதை ஒரு நாள் என்று கொண்டது. ஆகவே மழை இரண்டு நாள்களாகப் பிளந்தது. முதல் நாளில் 60. இரண்டாம் நாளில் 60. இரண்டும் 64.5க்குக் கீழ். எச்சரிக்கை இல்லை!

தோழனின் நிரல், தரவு வந்த கிரீன்விச் நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டது. கிரீன்விச்சின் நள்ளிரவு நமக்குக் காலை 5.30. ஆகவே மாலை 6 முதல் காலை 5.30 வரை பெய்த 115 மில்லிமீட்டர் ஒரு நாளிலும், எஞ்சிய 5 மில்லிமீட்டர் மறுநாளிலும் விழுந்தன. 115 என்பது கனமழை. நிறம் மஞ்சள்!

நம் நாட்டு வானிலை நிலையங்களிலோ மழையளவு காலை 8.30 மணிக்கு எழுதப்படுகிறது. முந்தின நாள் 8.30 முதல் அன்று 8.30 வரை பெய்ததே அந்நாளின் மழை. அக்கணக்கில் 120 மில்லிமீட்டரும் ஒன்றாகவே விழும். நிறம் ஆரஞ்சு.

மழை ஒன்று, எல்லை எண்கள் ஒன்று, ஆயினும் நாள் எங்கே தொடங்குகிறது என்ற ஒன்றை வெவ்வேறாகக் கொண்டதால் மூன்று விடைகள் வந்தன. மலைச்சரிவுக்கு நள்ளிரவும் தெரியாது, எட்டரை மணியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது, தொடர்ந்து எவ்வளவு நீர் இறங்கிற்று என்பதே. ஆகவே பின்னர் நாங்கள், அரசின் அறிக்கையோடு ஒப்பிடுவதற்காக 8.30 கணக்கையும், எச்சரிக்கைக்காக எந்த மணியில் தொடங்கினாலும் அடுத்த 24 மணி நேரத்தில் சேரும் மிகுதியான மழையையும் கணக்கிடச் செய்தோம். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் மழை எந்தப் பொழுதில் தொடங்கியிருந்தாலும் இரண்டாம் கணக்கு 120 என்றே காட்டும்.

பொது நிரல் என்பது யாது?

தவற்றைத் திருத்துவது எளிது. ஆனால் அதை இரண்டு மொழியில், இரண்டு இடத்தில் திருத்த வேண்டியிருந்தது. இன்று இரண்டிலும் திருத்தினோம். நாளை ஒருவன் திருத்தி மற்றவன் மறந்தால்? அப்போதும் ஒரு வீட்டில் இரு நிறம் தோன்றுமன்றோ? இங்கேதான் பொது நிரல் என்னும் கருத்து எங்களுக்கு வேண்டியதாயிற்று.

ஒருமுறை எழுதிப் பல பொறிகளில் இயக்கும் ஆசை புதிதன்று. 1995இல் ஜாவா மொழி அந்த உறுதிமொழியோடுதான் பிறந்தது. கைப்பேசிக் காலத்தில், 2015இல் ரியாக்ட் நேட்டிவ் வெளிவந்தது. 2018இல் ஃபிளட்டரின் முதல் நிலைத்த பதிப்பு வந்தது. இவை திரையையும் சேர்த்தே பொதுவாக்குபவை. ஜெட்பிரெயின்ஸ் நிறுவனத்தாரின் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் வேறு வழியில் வந்தது. 2023 நவம்பரில் அது நிலைத்த பதிப்பாயிற்று. கோட்லின் என்பது பின்லாந்து வளைகுடாவில் உள்ள ஒரு தீவின் பெயர். இதில் எவ்வளவு பொதுவாக்குவது என்பதை நாமே முடிவு செய்யலாம். கணக்கை மட்டும் பொதுவாக்கித் திரையைத் தனித்தனியே விடலாம்; வேண்டுமானால் திரையையும் பொதுவாக்கலாம். நான் முன்பே கோட்லினில் எழுதியிருந்ததாலும், தோழன் ஐபோன் திரையை ஸ்விஃப்டிலேயே வைத்துக்கொள்ள விரும்பியதாலும் இதனையே தேர்ந்தோம்.

இதன் அமைப்பு எளிது. செயலி மூன்று அறைகள் கொண்ட வீடு. நடு அறை பொது அறை. ஒரு பக்க அறை ஆண்ட்ராய்டுக்கு. மறுபக்க அறை ஐபோனுக்கு. பொது அறையில் எழுதியதை ஆண்ட்ராய்டு தனக்குரிய வடிவில் நேரே ஏற்றுக்கொள்ளும். ஐபோனுக்காக அதே நிரல், அப்பொறியே நேரடியாக இயக்கக்கூடிய நூலகமாக மாற்றப்பட்டு, ஸ்விஃப்ட் நிரலோடு இணைக்கப்படும். இவ்விணைப்பைச் செய்து முடிக்க ஒரு மேக் கணினி இன்றியமையாதது. எங்களிடம் அஃது இல்லை. துறை ஆய்வகத்தில் வரிசையில் காத்திருந்து செய்தோம்.

பொது அறையில் செய்ய இயலாத வேலைகளும் உண்டு. கைப்பேசி இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை ஆண்ட்ராய்டிடம் ஒரு விதமாகவும், ஐபோனிடம் வேறு விதமாகவும் கேட்க வேண்டும். இதற்குக் கோட்லினில் அழகான ஏற்பாடு இருக்கிறது. பொது அறையில் "எக்ஸ்பெக்ட்" என்று எழுதி, இப்படி ஒரு வேலை செய்து தரப்பட வேண்டும் என்று அறிவித்துவிடலாம். இரு பக்க அறைகளிலும் "ஆக்சுவல்" என்று எழுதி, அவரவர் முறைப்படி அதைச் செய்து தரவேண்டும். ஒரு பக்கம் மறந்துவிட்டால் நிரல் உருவாகாமலே நின்றுவிடும். திருமண வீட்டில் பெரியவர் ஒருவர் "பந்தல் வேண்டும்" என்று சொல்லிவிட, அந்தந்த ஊர்க்காரர் அங்கே கிடைக்கும் ஓலையைக் கொண்டு பந்தலிடுவது போன்றது இது.

எதைப் பகிர்வது, எதை விடுவது?

எங்களுக்கு நாங்களே ஒரு விதி வகுத்துக்கொண்டோம். எது மாறினால் மனிதரின் முடிவு மாறுமோ, அது பொது அறையில் இருத்தல் வேண்டும். எது மாறினால் கையின் பழக்கம் மட்டும் மாறுமோ, அது பக்க அறையில் இருக்கலாம்.

இவ்விதிப்படி, தரவை வாங்குவது, படிப்பது, நேரத்தை மாற்றுவது, மழையைக் கூட்டுவது, நிறத்தைத் தீர்மானிப்பது, கடைசியாகப் பெற்ற தரவைச் சேமித்து வைப்பது ஆகியவை பொது அறைக்குச் சென்றன. தரவை வாங்குவதற்குக் கேடோர் என்னும் நூலகமும், சேமிப்பதற்கு எஸ்க்யூஎல்டிலைட் என்னும் நூலகமும் இரு பொறிகளிலும் பயன்பட்டன. எச்சரிக்கையின் தமிழ்ச் சொற்களும் பொது அறைக்கே சென்றன. முன்பு நான் "பலத்த மழை" என்றும், தோழன் "மிகுந்த மழை" என்றும் எழுதியிருந்தோம். இவற்றுள் எது பெரியது என்று யார் சொல்ல முடியும்? சொல் மாறினாலும் முடிவு மாறும் என்று உணர்ந்து, கனமழை, மிகக் கனமழை, அதிகனமழை என்னும் மூன்றையே நிலையாகக் கொண்டோம்.

திரை, பொத்தான், பின்னோக்கிச் செல்லும் முறை, அறிவிப்பு ஒலி ஆகியவை பக்க அறைகளில் நின்றன. ஐபோன் பழகியவருக்கு ஐபோன் முறையிலும், ஆண்ட்ராய்டு பழகியவருக்கு அம்முறையிலும் அவை அமைவதே நன்று.

வெப்பக் கணக்கிலும் பொது அறை எங்களுக்கு உதவியது. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 பாகை குறையும் என்பது நூல்களில் காணும் வழக்கு. மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலும், மறையூர் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆகவே இரண்டுக்கும் 3 பாகைக்குச் சற்று மேற்பட்ட வேற்றுமை இருக்கலாம் என்று கணக்கிடலாம். ஆனால் மழைக்கு இத்தகைய எளிய திருத்தம் கிடையாது. மலையின் எப்பக்கம், காற்று எத்திசை என்பவற்றைப் பொறுத்தது அது. ஆகவே வெப்பத்தைத் திருத்திக் காட்டுகிறோம்; மழையின்கீழ், "இது பரந்த ஒரு கட்டத்தின் சராசரி; மலைமுகத்தில் கூடலாம்" என்று ஒரு வரி எழுதுகிறோம். அறியாததை அறிந்ததுபோல் காட்டுவதைவிட அது மேல்.

ஒற்றுமையும் பொய்யாகலாம்

பொது நிரல் முடிந்தபின் இரு கைப்பேசிகளும் எப்போதும் ஒரே விடையைச் சொல்லின. பெருமகிழ்ச்சி கொண்டோம். அம்மகிழ்ச்சி பதினைந்து நாள் நீடித்தது.

ஒருநாள் தோட்டத்தில் தொடர்பு விட்டுவிட்டு வந்தது. தரவின் ஒரு பகுதி மட்டுமே வந்து சேர்ந்தது. சில மணிகளுக்கு எண்ணே இல்லை. என் நிரல், எண் இல்லாத இடத்தில் சுழியத்தை இட்டுக் கூட்டிவிட்டது. "மழை இல்லை" என்று இரண்டு கைப்பேசிகளும் ஒரே குரலில் சொல்லின. இம்முறை ஐயப்படவும் இடமில்லை, இரண்டும் ஒத்துப்போயினவே! முன்பு விடைகள் முரண்பட்டதால்தான் தோழனின் தந்தையார் எங்களை அழைத்துக் கேட்டார். இப்போது தவறும் பொதுவாகிவிட்டதால் கேட்கவேண்டிய காரணமே மறைந்தது. மலைப்பக்கம் கருமேகம் நிற்பதை ஜன்னல் வழியே பார்த்த தோழனின் தாயார் சொன்ன பிறகுதான் நாங்கள் விழித்துக்கொண்டோம்.

நண்பர்களே, பொது நிரலின் பயனும் ஆபத்தும் ஒன்றே. சரியானது எல்லார்க்கும் சேர்கிறது. தவறும் எல்லார்க்கும் சேர்கிறது. ஆகவே, எழுதும் உழைப்பில் மிச்சமானதைச் சோதிக்கும் உழைப்பில் செலவிடுதல் வேண்டும். பொது அறைக்குச் சோதனைகளையும் ஒருமுறை எழுதினால் போதும். இரு பொறிகளிலும் அவை ஓடும். மாலை 6 முதல் காலை 6 வரை பெய்யும் அந்த 120 மில்லிமீட்டர் மழைதான் எங்கள் முதல் சோதனை. எண் இல்லாத மணி ஒன்று இருந்தால் "போதிய தரவு இல்லை" என்று சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது. 115.5க்கும் 115.6க்கும் இடையே நிறம் மாற வேண்டும் என்பது மூன்றாவது. இந்தச் சோதனைகளில் ஒன்று தவறினாலும் செயலியின் புதிய பதிப்பு வெளியே போகாது.

"மழை இல்லை" என்பது ஒரு செய்தி. "தெரியவில்லை" என்பது வேறொரு செய்தி. இரண்டையும் ஒன்றாக்கும் உரிமை நிரல் எழுதுபவனுக்கு இல்லை.

தொடர்பு அறும் இரவு

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த இராஜமலையில் பெட்டிமுடி என்னும் இடத்தில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயங்களை மூடியது. 70 உயிர்கள் மாண்டன. அவர்களுட் பெரும்பாலோர் தமிழர், உறங்கிக்கொண்டிருந்தவர்கள். மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாத நிலையில், அச்செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. தோழன் அதைப் பற்றி மிகுதியாகப் பேசுவதில்லை. ஆனால் எங்கள் செயலியில் ஓர் உறுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று வழக்கு வரும்போதெல்லாம், "தொடர்பு அறுந்தால் இது என்ன காட்டும்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்பான். அக்கேள்விக்கு விடை சொல்லாத எதனையும் நாங்கள் சேர்ப்பதில்லை.

எங்கள் விடை இது. கடைசியாகப் பெற்ற தரவு கைப்பேசியிலேயே இருக்கும். ஆனால் அது பெற்ற நேரம் எழுத்தில் பெரிதாகத் தெரியும். ஆறு மணி நேரத்துக்கு மேல் பழையதானால் நிறம் மறைந்து, "இது பழைய செய்தி" என்னும் வரி தோன்றும். பழைய பச்சை நிறத்தை நம்பி ஒருவரும் உறங்கிவிடக் கூடாது. இதுவும் பொது அறைக்குரியதே.

இன்னும் ஒரு வரம்பை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். செயலி தானே விழித்துத் தரவு வாங்கும் என்று முழுதும் நம்புதல் இயலாது. ஆண்ட்ராய்டில் இடைவிட்டுச் செய்யும் பின்புல வேலைக்குக் குறைந்தது 15 நிமிட இடைவெளி வேண்டும். மின்கலத்தைக் காக்கும் பொருட்டு அதுவும் தள்ளிப் போகலாம். ஐபோனில் எப்போது விழிக்கலாம் என்பதை இயங்குதளமே முடிவு செய்யும். ஆகவே மாணவர் இருவர் செய்த செயலி அரசின் எச்சரிக்கைக்கு மாற்று ஆகாது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மௌசம் செயலி 2020 முதல் இருக்கிறது. உழவர்க்கு மேகதூத் இருக்கிறது. கேரளப் பேரிடர் மேலாண்மை அமைப்பின் அறிவிப்புகள் இருக்கின்றன. இதனை எங்கள் செயலியின் முதல் திரையிலேயே எழுதிவைத்தோம். இதைச் சொல்லாமல் விட்டதே முதல் இரவில் நாங்கள் செய்த பெருந்தவறு.

நாம் செய்யக்கூடியது

இத்தனைக்கும் பிறகு, சிறு செயலி ஒன்றினால் பயன் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சென்ற ஐப்பசியில் என் தந்தையார் கடலை பிடுங்கும் நாளை இரண்டு நாள் தள்ளிவைத்தார். "உன் கணக்கு 'தெரியவில்லை'ன்னு சொல்லுச்சு. தெரியாதப்ப ஏன் அவசரப்படணும்?" என்றார். செயலிக்குக் கிடைத்த நற்சான்றுகளுள் அதனையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

நம் பேரவையில் பாலக்காட்டு எல்லையிலிருந்தும், பீர்மேடு, உடும்பன்சோலைப் பக்கங்களிலிருந்தும் வந்த நண்பர்கள் பலர் உள்ளீர்கள். உங்கள் ஊரின் பெயரை உள்ளூரார் எவ்வாறு எழுதுகின்றனர், எந்தச் சரிவில் எந்தக் காற்றில் மழை மிகும், தொடர்பு எங்கே அறும் என்பன உங்களுக்குத் தெரியும். எந்தக் கட்டத்துக்கும் தெரியாது. அவற்றை எழுதித் தாருங்கள். நிரல் எழுதத் தெரிந்தவர்கள் சோதனைகளை எழுதித் தாருங்கள். எங்கள் தவறுகளைக் கண்டுபிடிப்பவர்களுக்கே எங்கள் நன்றி மிகுதியும் உரியது.

மலைக்கு இருபுறமும் ஒரே மழைமேகம் வருகிறது. அதை ஒருவர் ஆண்ட்ராய்டில் பார்க்கட்டும், ஒருவர் ஐபோனில் பார்க்கட்டும். "எந்தப் போனை நம்பட்டும்?" என்று இனி ஒரு தந்தையார் கேட்கும் நிலை வாராமல் காப்பது, இக்கலையைக் கற்கும் நம் கடமையாகும்.